ஒட்டு வண்டி

மஞ்சப்புத்தூருக்கும் சந்தைப்பேட்டைக்கும் நடுவில் ஆறு, ஆற்றுக்கு மேலே பாலம், பாலத்தின் மேல் ஒரு மினி பஸ்ஸும் அதன் பக்கத்தில் ஒரு சைக்கிளும் சேர்ந்து போகலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று மரியாதை வைத்துப் போனால். அந்த மரியாதை எந்த வருஷத்தில் தீர்ந்துபோனது என்று ஊரில் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தீர்ந்துபோனதன் பலன் என்றைக்கு வந்து விழுந்தது என்று கேட்டால் எல்லோரும் ஒரே வாயாகச் சொல்வார்கள்: ஆவணி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை எட்டே முக்கால் மணி.

அன்றைக்கு மினி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்தவன் ஆசீர்வாதம். நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருஷமாக அதே ஆறு கிலோமீட்டர் ரோட்டில் போய்ப்போய் வந்துகொண்டிருந்தவன். வளைவு, பள்ளம், எந்த வீட்டு நாய் எந்த இடத்தில் குறுக்கே ஓடும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். சைக்கிளில் போகிறவர்களை மட்டும் அவன் தனித்தனி ஆளாகப் பார்த்ததில்லை. ஹாரன் அடித்தால் ஒதுங்குகிறவை, ஒதுங்காதவை என்று இரண்டு சாதியாகவே அவை அவன் கண்ணில் பட்டன.

பாலத்தில் அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவள் முப்புடாதி. அவள் தெருவில் பதினொரு வீட்டுப் பெண்கள் சுற்றிக் கட்டிய பீடியை அட்டைப்பெட்டியில் அடுக்கி, கேரியரில் வைத்துக் கட்டி, சந்தைப்பேட்டை பீடிக் கடையில் சேர்த்துவிட்டு, மறுநாளைக்கு வேண்டிய இலையும் தூளும் வாங்கிக்கொண்டு திரும்புவது அவள் வேலை. பாலத்தின் இடது ஓரத்தில் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரியும். பஸ் டயர் அதன் மேல் ஏறிப் போய்விடும். சைக்கிள் சக்கரம் அதற்குள் இறங்கினால் ஆள் தலைகுப்புற விழ வேண்டியதுதான். அதனால் அவள் நடுவில் போனாள். ஆசீர்வாதம் ஹாரன் அடித்தான். அவள் நடுவிலேயே போனாள். இன்னொரு தடவை, இன்னும் நீளமாக அடித்தான். பிறகு இடது பக்கமாக, காரை பெயர்ந்த கம்பி மேல் பஸ்ஸை ஏற்றி, அவளைத் தாண்டப் பார்த்தான்.

டிரைவர் பக்கத்துக் கண்ணாடி அவளுடைய ஹேண்டில்பாரில் இடித்தது. அவள் விழவில்லை. பெட்டி விழுந்தது, கைப்பிடிச் சுவரில் மோதி வாய் பிளந்தது, பதினொரு வீட்டுப் பீடியும் ஆற்றுத் தண்ணீரில் கொட்டி வரிசையாக மிதந்து போனது.

“ரோடு என்ன ஒங்கப்பன் வீட்டுச் சொத்தா?” என்றான் ஆசீர்வாதம்.

“ஒனக்கு மட்டும் பட்டா போட்டுக் குடுத்துருக்காவளோ?” என்றாள் முப்புடாதி.

இதற்குப் பிறகு இரண்டு பேரும் இன்னும் கொஞ்சம் சொன்னார்கள், அதை இங்கே எழுத வேண்டியதில்லை. சொல்லி முடித்து ஆசீர்வாதம் கியரைப் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தான். என்ஜின் உறுமியது, பஸ் நடுங்கியது, ஒரு அங்குலம்கூட நகரவில்லை. அவன் காலை எடுத்த பிறகு முப்புடாதி பெடலில் ஏறி நின்று மிதித்தாள். செயின் இறுகியது, சக்கரம் சுற்றவில்லை. அவள் அலுத்துப்போய் இறங்கினாள், பிறகு மறுபடி ஏறி மிதித்தாள், அந்த நேரம் பார்த்து அவனும் ஆக்சிலேட்டரை மிதித்தான், அப்போதுதான் இரண்டும் நகர்ந்தன. ஒரே வேகத்தில், ஒரு முழ இடைவெளியில், அவனுடைய ஜன்னலும் அவளுடைய ஹேண்டில்பாரும் நேருக்கு நேராக. அவள் நிறுத்தினால் பஸ் நின்றது. அவன் நிறுத்தினால் சைக்கிள் நின்றது. பாலம் தாண்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். பாலம் தாண்டியும் சரியாகவில்லை.

சந்தைப்பேட்டை ஸ்டாண்டில் கூட்டம் கூடிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார்கள், கை போனது. கோழி ஒன்று தலையை ஆட்டிக்கொண்டு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. ஒர்க்‌ஷாப்காரர் கிரீஸ் டப்பாவோடு வந்தார், பூசுவதற்கு இடம் தெரியாமல் திரும்பிப் போனார். சப்-இன்ஸ்பெக்டர் டேப் வைத்து அளந்து, முன் பக்கம் ஒரு முழம், பின் பக்கம் ஒரு முழம் என்று எழுதிக்கொண்டு, எந்தச் சட்டப்பிரிவில் போடுவது என்று தெரியாமல் நோட்டை மூடிவிட்டார். கோயில் சாமியாடி திருநீறு போட்டார், சர்ச் ஃபாதர் தண்ணீர் தெளித்தார். அன்றைக்கு இரண்டு வண்டியும் நல்ல சுத்தமாக இருந்தன, அவ்வளவுதான்.

ஆசீர்வாதம் வேறு வண்டியில் ஏறிப் பார்த்தான். லாரி, ஆட்டோ, முதலாளியின் கார். அவன் உட்கார்ந்து ஓட்டுகிற எதுவும் முப்புடாதி பக்கத்தில் மிதித்து வந்தால்தான் நகர்ந்தது. அவனுக்குப் பதிலாக வேறு டிரைவர் உட்கார்ந்தாலும் பஸ் அசையவில்லை. அவளும் தங்கையின் சைக்கிளை வாங்கிப் பார்த்தாள், அதுவும் அவன் பஸ்ஸுக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான் உருண்டது. அவனுக்கு டிரைவர் வேலை தவிர வேறொன்றும் தெரியாது. அவளுக்கோ பதினொரு வீட்டு இலையையும் தூளையும் சுமந்துகொண்டு போகவர நடக்க முடியாது. ஆகவே மறுநாள் காலை எட்டு மணிக்கு அவன் மஞ்சப்புத்தூர் ஸ்டாண்டில் பஸ்ஸை எடுக்கப் போனபோது, அவள் வந்து, ஜன்னலுக்குக் கீழே சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாள்.

ஊர் என்பது எதையும் தின்று செரித்துவிடும். முதல் வாரம் வேடிக்கை பார்த்தது, இரண்டாவது வாரம் திட்டியது, மூன்றாவது வாரம் நேரத்தை மாற்றி வைத்துக்கொண்டது. ஏழு நடை போன பஸ் மூன்று நடைதான் போனது, ஆகவே ஆபீஸ் போகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்தார்கள். டீச்சர்கள் பஸ்ஸிலேயே நோட்டுத் திருத்தினார்கள். மொச்சை உரிக்கிறவர்கள் உரித்தார்கள், ஜெபமாலை உருட்டுகிறவர்கள் உருட்டினார்கள். ஓடுகிற பஸ்ஸில் ஏறப் பயந்த கிழவிகள் இப்போது பஸ்ஸோடு கூடவே நடந்துவந்து, பேச்சை முடித்துக்கொண்டு, நிதானமாக ஏறினார்கள். முப்புடாதிக்கு வயிற்றுவலி என்றால் இரண்டு ஊருக்கும் தெரிந்துவிடும், அன்றைக்குப் பஸ் வராது. ஆசீர்வாதத்துக்குக் காய்ச்சல் என்றால் பதினொரு வீட்டிலும் இலை இல்லாமல் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாரோ அதற்கு ஒட்டு வண்டி என்று பேர் வைத்தார்கள். பேர் வைத்த பிறகு அது அதிசயமாக இல்லாமல் போயிற்று. வெளியூரிலிருந்து வந்தவர்கள் வாயைப் பிளந்தால், “ஒட்டு வண்டி பாத்ததில்லையா, ஒங்க ஊர்ல கெடையாதா?” என்று மஞ்சப்புத்தூர்க்காரர்கள் கேட்டார்கள்.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் செரிக்கவில்லை. தப்பு யார் மேல்?

லாரி டிரைவர் தவசிதான் டிரைவர்கள் சங்கத்துக்குத் தலைவன். அவன் பாலத்தின் ஒரு முனையில், ‘சைக்கிள்கள் ஓரமாகச் செல்லவும்’ என்று போர்டு வைத்தான். பால்காரன் நம்பிராசனுக்குத் தூக்குவாளிகள் தொங்குகிற சைக்கிள். மில்லுக்குப் போகிறவர்கள், கொத்தனார்கள், ஐஸ் விற்கிறவர்கள் எல்லோரும் அவன் பேச்சுக்குக் கட்டுப்பட்டவர்கள். அவன் மறுமுனையில், ‘பஸ் லாரிகள் மெதுவாகச் செல்லவும்’ என்று அதைவிடப் பெரிய போர்டாக வைத்தான். டீக்கடையில் இந்தக் கட்சிக்கு ஒரு பெஞ்சு, அந்தக் கட்சிக்கு ஒரு பெஞ்சு என்று ஆயிற்று. சம்பந்தம் பேசப் போனவர்கள் மாப்பிள்ளை சைக்கிளா, மோட்டாரா என்று விசாரித்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

நடுவில் அவர்கள் இரண்டு பேரும் போய்க்கொண்டிருந்தார்கள். முதலில் திட்டிக்கொண்டு போனார்கள். திட்டுவதற்குச் சரக்குத் தீர்ந்த பிறகு பேசாமல் போனார்கள், அதுதான் திட்டைவிடக் கொடுமையாக இருந்தது. ஆசீர்வாதம் வலது பக்கம் திரும்பினால் அவள் முகம். திரும்பாவிட்டால் அவள் மூச்சு. மேட்டில் ஏறும்போது அந்த மூச்சு ‘ஹ்க், ஹ்க்’ என்று அறுத்துக்கொண்டு வரும். அவன் காலுக்குக் கீழே எண்பது குதிரையின் பலம் படுத்துக் கிடக்கும். ஒரு பொம்பளையின் முழங்காலுக்குக் காத்துக்கொண்டு அத்தனை குதிரையும் நடைபோடும். சில நாள் அவனுக்குக் கத்த வேண்டும்போல் இருக்கும். வீட்டில் படுத்தாலும் கால் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்துப் பார்க்கும், கட்டில் நகராது.

வீட்டில் ரூத் இருந்தாள், அவனுடைய மனைவி. ஊர் அவள் காதில் என்னென்ன ஓதியது என்பதை அவள் அவனிடம் சொல்லவில்லை. ஒரு ஆணும் பெண்ணும் நாளெல்லாம் ஒரு முழ இடைவெளியில் போனால் ஊர் என்ன பேசுமோ அதைத்தான் பேசியது. ஐப்பசி மாதம் ஒரு காலையில் அவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து, மூன்று நடையும் கூடவே வந்தாள். கண்டக்டர் சுடலைக்கண்ணு அவளுக்கு டிக்கெட் கிழிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பின்னாலேயே நின்றுகொண்டார். ஆசீர்வாதத்துக்குக் கழுத்து வேர்த்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு போடும்போது ரூத் கேட்டாள், “அவ கால நீங்க பாத்தியளா?”

“எவ காலு?”

“முப்புடாதி காலு. ரெண்டும் வீங்கி பூசணிக்கா மாதிரி இருக்கு. கணுக்கால் கிட்ட தோல் வெடிச்சிருக்கு. பக்கத்துல வச்சுக்கிட்டு இத்தன நாளா பாக்கலயா?”

அவன் பார்த்ததில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தால் அவளுடைய தலை தெரியும், தோள் தெரியும், ஹேண்டில்பாரைப் பிடித்த கை தெரியும். அதற்குக் கீழே பஸ்ஸின் தகரம். சைக்கிளில் போகிற ஒருவருக்கும் அவன் அதுவரை கால் பார்த்ததில்லை.

மறுநாள் ரூத் ஒரு பாட்டிலில் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்துவிட்டாள். அவன் அதை ஜன்னல் வழியாக நீட்டினான். “வீட்டுல குடுத்தா. கால்ல தேய்க்கணுமாம்.”

முப்புடாதி பாட்டிலை வாங்கி முந்தியில் செருகிக்கொண்டு, அரை கிலோமீட்டர் போன பிறகு, “ஒங்க வீட்டம்மா நல்ல மனுஷி” என்றாள். அதுதான் திட்டில்லாமல் அவர்களுக்குள் நடந்த முதல் பேச்சு.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார்கள். அவளுடைய புருஷன் கொல்லத்தில் முந்திரி ஆலையில் இருப்பது, அவன் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவது, அவனுக்குப் பாம்பு பயம், ஆசீர்வாதத்துக்குக் கிணறு பயம். பேச்சு எங்கே போனாலும் பாலம் வந்தவுடன் நின்றுவிடும். இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். கார்த்திகை மாதம் மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள், பாலத்தின் நடுவில், ஆசீர்வாதம் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

“எம்மா, அன்னைக்கு எடம் பத்தாதுன்னு எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷமா இந்தப் பாலத்துல போறேன், தெரியாம இருக்குமா? ஒன்ன ஒரு சுண்டு சுண்டிவிட்டுப் போகணும்னு தோணிச்சு.”

அவள் தலையில் பாலித்தீன் பையைக் கவிழ்த்திருந்தாள், அதன் மேல் மழை தடதடவென்று விழுந்தது. “நானும் ஹாரனக் கேட்டேன் அண்ணாச்சி. ரெண்டு தடவையும் கேட்டேன். கம்பி வாரதுக்கு முந்தியே கொஞ்சம் ஒதுங்கியிருக்கலாம். தெனமும் ஒதுங்குதேன், இன்னைக்கு நீ நில்லுன்னு நெனச்சேன்.”

சொல்லிவிட்டு இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவன் மெல்ல ஆக்சிலேட்டரை அழுத்திப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

“நாம ரெண்டு பேரு மட்டும் கேட்டாப் பத்தாது போலருக்கு,” என்றாள் முப்புடாதி.

நாலு பேர் கேட்கச் சொல்வது எப்படி என்பதுதான் பெரும்பாடாயிற்று. அரசல்புரசலாகத் தெரிந்தவுடன் தவசி வந்துவிட்டான். “வே, நீரு ஒத்துக்கிட்டீருன்னா நாளைக்கு இந்த ரோட்டுல ஒரு டிரைவர் தலைநிமிந்து போக முடியுமா? எவன் விழுந்தாலும் நம்ம தலையிலதான் கட்டுவான். லைசென்ஸ நெனச்சுப் பாரும்.” அங்கே நம்பிராசன் அவள் தெருவுக்கே போய், பதினொரு வீட்டுப் பெண்களையும் வைத்துக்கொண்டு சொன்னான்: “முப்புடாதி வாயத் தொறந்தா நம்ம எல்லாரையும் ஓரத்துல தள்ளிருவாவ. ஓரத்துல என்ன இருக்கு? கம்பி இருக்கு.” இரண்டு பேர் சொன்னதிலும் பொய் இல்லை, அதுதான் சிக்கல். ஆசீர்வாதத்துக்குத் தைரியம் வரவில்லை. மார்கழி முழுக்க அவன் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டான். ஒரு முழம் தள்ளி அவளும் அதையேதான் செய்தாள்.

தை மாதம் பொங்கல் கழிந்து நாலாம் நாள், உச்சி வெயிலில், பாலத்தின் மேல் அவளுடைய கால் நின்றுவிட்டது. அவள் மிதிக்கிறாள், கால் கேட்கவில்லை. சைக்கிளோடு சரிந்து தார் ரோட்டில் விழுந்தாள். பஸ் நின்றது. பின்னால் தவசியின் லாரி, அதன் பின்னால் ஆட்டோ, கார், டிராக்டர், அவற்றின் இடுக்குகளில் சைக்கிள்கள். எதிரே நம்பிராசன் வாளிகளோடு, அவன் பின்னால் மில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள். எல்லோரும் நின்றார்கள். ஒருவரும் இறங்கவில்லை. முதலில் இறங்குகிறவன் மேல்தான் தப்பு என்று ஆகிவிடும் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். ஹாரன்கள் அடித்தன, மணிகள் அடித்தன. அவள் கொதிக்கிற தாரில் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள், ஆசீர்வாதம் ஜன்னல் வழியே பார்த்தபோது முதல் தடவையாக அவளுடைய கால் தெரிந்தது.

அவன் இறங்கினான். அவளுக்கு வெயில் படாமல் நின்றுகொண்டு, லாரிப் பக்கம் திரும்பி, தொண்டை கிழியச் சொன்னான்.

“நான்தான் இடிச்சேன்! எடம் இல்லன்னு தெரிஞ்சே விட்டேன்! வேணும்னேதான் செஞ்சேன்!”

ஹாரன்கள் நின்றன. கீழேயிருந்து முப்புடாதி முழங்கையை ஊன்றி எழுந்து, எதிர்ப்பக்கத்தைப் பார்த்துச் சொன்னாள்: “நானும் ஹாரன் சத்தம் கேட்டுட்டுத்தான் நடுவுல போனேன். வழி விட்டிருக்கலாம். விடல.”

ஒரு மூச்சு விடுகிற நேரம் ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு தவசி லாரியிலிருந்து குதித்தான். “கேட்டியளா? அவளே சொல்லிட்டா!” என்றான். நம்பிராசன், “மொதல்ல சொன்னது யாரு? ஒங்க ஆளுதானல!” என்றான். நீ, நான், உன் லாரி, என் வாளி, போன வருஷம் என் அண்ணனை இடித்தாயே, முந்தா நாள் என் கண்ணாடியை உரசினாயே என்று பாலம் முழுக்க வாய்ச்சண்டை பற்றிக்கொண்டது. சொன்ன இரண்டு பேரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சுடலைக்கண்ணு மட்டும் பஸ்ஸிலிருந்து தண்ணீர் பாட்டிலோடு இறங்கி வந்தார். முப்புடாதிக்குக் கொடுத்துவிட்டு, அவளுடைய சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். கையை எடுத்தார். சைக்கிள் தானாக உருண்டு, பஸ்ஸின் மூக்கைத் தாண்டி, ஐந்தாறு முழம் முன்னால் போய்க் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றது.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முப்புடாதி அழுதாள். ஆசீர்வாதத்துக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுவதுபோல அவன் கண் அந்த ஒரு முழ இடைவெளியைத் தேடியது.

கத்திக் களைத்த கூட்டம் வண்டிகளில் ஏறிப் புறப்படப் பார்த்தது. தவசியின் லாரி உறுமியது, நகரவில்லை. பக்கத்தில் வந்து நின்று சண்டை போட்டுவிட்டுப் போகப்போன நம்பிராசனின் சைக்கிளும் நகரவில்லை. ஆட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு கொத்தனார், காருக்குப் பக்கத்தில் ஐஸ் விற்கிறவர், டிராக்டருக்கு இரண்டு பக்கமும் மில்லுக்குப் போகிற இரண்டு பெண்கள். பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, ஒரு முழ இடைவெளியில், ஜோடி ஜோடியாக எல்லாமே ஒட்டிக்கொண்டு நின்றன.

இதையும் ஊர் செரித்துவிட்டது. முன்பே பழகியிருந்ததால் ஒரு வாரம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடம் பத்தரைக்குத் தொடங்கியது, கல்யாண முகூர்த்தங்களை மத்தியானத்துக்குத் தள்ளி வைத்தார்கள், டீக்கடை பெஞ்சுகள் இரண்டும் இரண்டாகவே இருந்தன. ரோடு அடைத்துக்கொண்டு ஜோடிகள் ஊர்ந்தன. இரண்டு ஊரிலும் இஷ்டத்துக்குப் போகக்கூடிய வண்டிகள் ஆசீர்வாதத்தின் பஸ்ஸும் முப்புடாதியின் சைக்கிளும் மட்டும்தான். போவதற்குத்தான் ரோட்டில் இடம் இல்லை. முந்தினால் லாரி, அதன் பக்கத்தில் பால்காரன். ஒதுங்கினால் டிராக்டர், அதன் இரு பக்கமும் பெண்கள். எண்பது குதிரையும் அவிழ்த்துவிட்ட பிறகும் லாயத்திலேயே நின்றன.

பங்குனி மாதம் ஒரு மத்தியானம், பாலத்தின் மேல் ஒரு மணி நேரமாக நகராமல் நின்றபோது, முன்னால் நின்ற லாரியிலிருந்து தவசி இறங்கி ஆசீர்வாதத்தின் ஜன்னலுக்கு வந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“வே, ஒம்மகிட்ட ஒண்ணு கேக்கணும். நீரு எப்படி வே வெளிய வந்தீரு?”

“ஒமக்குத் தெரியாதா? நீரும் அங்கதான நின்னீரு.”

“சத்தத்துல சரியாக் கேக்கல. சொல்லும்.”

“நான்தான் இடிச்சேன்னு சொன்னேன். அவ்வளவுதான்.”

தவசி யோசித்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தான். லாரிக்கு அந்தப் பக்கம் நம்பிராசன் ஒரு காலை ஊன்றி, வாளிகளைத் தொட்டுக்கொண்டு, காதை இந்தப் பக்கம் வைத்திருப்பது அவன் கழுத்து நின்ற கோணத்தில் தெரிந்தது.

“அது ஒம்ம விஷயத்துல சரி வே,” என்றான் தவசி கடைசியில். “ஒம்ம மேல தப்பு இருந்துச்சு, சொன்னீரு, விட்டுது. இங்க தப்பு அவன் மேலல்லா இருக்கு.”

அந்தப் பக்கம் நம்பிராசன் மெதுவாகச் சிரிப்பது கேட்டது. தவசி லாரியில் போய் ஏறிக்கொண்டான்.

ஆசீர்வாதம் என்ஜினை அணைத்துவிட்டு வெளியே பார்த்தான். ஆறு வற்றி மணலாகக் கிடந்தது. பாலத்துக்கு அடியிலிருந்து முப்புடாதி வெளியே வந்தாள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, சைக்கிளை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய சந்தைப்பேட்டைக் கரையைப் பார்த்துப் போனாள். பாதி வழியில் நின்று அண்ணாந்து பார்த்தாள், அவனுடைய பஸ்ஸைக் கண்டுகொண்டாள், கையைத் தூக்கி ஆட்டினாள். போய்வருகிறேன் என்று ஆட்டினாளா, இறங்கி வாங்க என்று கூப்பிட்டாளா, வெயிலின் கூச்சத்தில் அவனுக்குப் பிடிபடவில்லை. அவன் பின்னால் திரும்பினான். இருபத்திரண்டு பேர் சீட்டுகளில் உட்கார்ந்தபடி, எப்போது எடுப்பான் என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.